குழுவை விட்டு வந்த ட்ரம்மர் தம்பிக்கு

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

குழுவை விட்டு விலகியாயிற்று, இனித் தனியாகத்தான் போகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஏன் விலகினாய், யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. ஊரறிந்த ஒரு ரொக் குழுவின் பின்வரிசையில் அத்தனை வருடம் இருந்து வாசித்தவன் ஒரே நாளில் எடுத்த முடிவாக அது இருக்காது. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: "ட்ரம்ஸ் அடிக்கிறவன் தனிய நிக்கலாமோ அண்ணா?" அதற்குத்தான் இந்தப் பதில். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இதே கேள்வியை மனதில் வைத்திருக்கிற பெடியள் வேறும் இருக்கிறார்கள். அதனால் உன் பெயரையும் குழுவின் பெயரையும் விட்டுவிட்டு, எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபிக்காதே.

நிற்கலாம். நின்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களை நிற்க வைத்தது ட்ரம்ஸ் மட்டுமில்லை. அவர்களுக்குப் பாட்டுக் கட்டத் தெரிந்திருந்தது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். ஹோட்டல் மண்டபம், ஒரு மணித்தியாலம், மேடை நடுவில் நீ, இரண்டு பாஸ் ட்ரம், சுற்றிவர ஒக்டபாட், வெளிச்சம், புகை. உன் கை வேகம் எனக்குத் தெரியும். முதல் பத்து நிமிடம் சபை எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு அவர்களை எதை வைத்து இருத்தப் போகிறாய்?

ரொக் மேடையில் ட்ரம்ஸ் சோலோ ஏன் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது என்று யோசித்துப் பார். அதற்கு முன்னால் ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. கிற்றாரும் குரலும் நின்றுவிட்டன. பாட்டு மறுபடி எப்போது வந்து ஏறும் என்று சபை உள்ளுக்குள் காத்திருக்கிறது. நீ அடிக்கிற ஒவ்வொரு அடியும் அந்தக் காத்திருப்பின் மேல்தான் விழுகிறது. ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கச்சேரி கேட்டிருப்பாய். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் பெரிய உருப்படியை ஒட்டித்தான் வரும். அதே தாளத்தில் வளர்த்து, கோர்வை வைத்து, பாட்டின் எடுப்பில் கொண்டுபோய் விடுவார்கள். சபை கைதட்டுவது அந்த எடுப்பில். பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேகமும் சத்தமும்தான். வேகத்துக்குக் காது பழகுவதற்கு அதிக நேரம் எடுக்காது.

பில் கொலின்ஸை நீ ஒரு பாடகராகத்தான் அறிந்திருப்பாய். அவர் கதையை ஒரு ட்ரம்ஸ்காரன் கதையாகக் கேட்டுப் பார். 1970 இல் ஜெனசிஸ் குழுவுக்குள் ட்ரம்ஸ் வாசிக்க வந்தவர். 1975 இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, குழு எத்தனையோ பாடகர்களைக் கூப்பிட்டுப் பாட வைத்துப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் பின்னால் இருந்த இவரே மைக்குக்கு வந்தார். பிறகு குடும்பம் உடைந்தது. வீட்டில் தனியாக இருந்து கீபோர்டோடும் ஒரு தாளப்பெட்டியோடும் பாட்டுக்களைப் பதிந்து வைத்தார். அவைதான் 1981 இல் 'ஃபேஸ் வால்யூ' என்ற முதல் தனி அல்பமாக வந்தன.

அதில் 'இன் தி எயார் டுநைட்' என்ற பாட்டை எல்லோருக்கும் தெரியும். ஒரு ட்ரம்மர் தன் பெயரில் முதன்முதலாக வெளியே வருகிற பாட்டு. அதில் அவர் மூன்றரை நிமிடத்துக்கு மேலாக ட்ரம்ஸைத் தொடவே இல்லை. ரோலண்ட் சிஆர்-78 என்ற தாளப்பெட்டி தன்பாட்டில் ஓடுகிறது. கீபோர்ட் மெதுவாகப் பரவுகிறது. குரல் அடக்கமாக வருகிறது. கேட்கிறவனுக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை. பிறகு அந்த உருட்டு வந்து விழுகிறது. சில செக்கன்தான். நாற்பது வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் காருக்குள் இருக்கிறவர்கள் அந்த இடத்தில் ஸ்டியரிங்கில் அடிக்கிறார்கள். அந்த உருட்டில் வித்தை பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மாணவன் ஒருவன் அதை ஒரு பின்னேரத்தில் பழகிவிடுவான். அதை எங்கே வைக்க வேண்டும், அதுவரைக்கும் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று தெரிந்ததுதான் வித்தை. அந்தப் பொறுமை பாட்டை எழுதியவனுக்கு மட்டும்தான் வரும்.

அந்த ட்ரம்ஸ் சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. விலகிப்போன அதே கேப்ரியலின் மூன்றாவது தனி அல்பத்துக்கு, அது வெளிவந்தது 1980 இல், லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் கொலின்ஸ் வாசித்தார். சிம்பலே வேண்டாம் என்றார் கேப்ரியல். வாத்தியக்காரர் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்பதற்காக வைத்திருந்த மைக் வழியாக ட்ரம்ஸ் வந்தபோது, அது பிதுங்கி, பெருத்து, திடீரென்று அறுந்து நின்றது. ஒலிப்பதிவாளர் ஹியூ பட்காம் அதைப் பிடித்துக்கொண்டார். எண்பதுகளின் ட்ரம்ஸ் சத்தம் என்று நீயும் நானும் சொல்கிற சத்தம் அங்கேதான் பிறந்தது. பிரிந்து போனவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தால் அது நடந்திருக்காது. உன்னோடு வாசித்தவர்களின் இலக்கங்களைப் போனிலிருந்து அழித்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ரிங்கோ ஸ்டாரையும் இங்கே சொல்ல வேண்டும். 1968 ஓகஸ்ட்டில் மனம் நொந்து பீட்டில்ஸை விட்டுப் போய்விட்டார். சார்டினியா தீவில் சில நாள் இருந்தபோதுதான் 'ஒக்டபஸ் கார்டன்' பாட்டுக்கு வித்து விழுந்தது. திரும்பி வந்தபோது அவருடைய ட்ரம்ஸைப் பூவால் அலங்கரித்து வைத்திருந்தார்கள். 1970 இல் குழு உண்மையாகவே உடைந்த பிறகு ஆள் தனித்துப் போனார். குரல் சிறிய குரல், எழுதிய பாட்டும் கொஞ்சம். ஆனாலும் 1973 இல் வந்த 'ரிங்கோ' அல்பத்தில் மற்ற மூன்று பேரும் ஏதாவது ஒரு பாட்டில் வந்து கைகொடுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. ஜோர்ஜ் ஹாரிசனோடு சேர்ந்து எழுதிய 'ஃபோட்டோகிராஃப்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1989 இலிருந்து அவர் நடத்துகிற குழுவிலும் அதே குணம்தான்: கூட வாசிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் பழைய பாட்டைப் பாடுவார்கள், இவர் பின்னால் இருந்து ட்ரம்ஸ் வாசிப்பார். தனியாக வந்தவன் ஆட்களைச் சேர்க்கத் தெரிந்தவனாக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனிக் காசு. இதைப் பற்றிக் கதைக்க நம்மவர்கள் கூச்சப்படுவார்கள், நான் படப்போவதில்லை. நீ குழுவில் இருந்தபோது உருவான பாட்டுக்களில் தாளக்கட்டு முழுக்க உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். ஆனால் பாட்டு யார் பெயரில் இருக்கிறது? பொலிஸ் குழுவில் ஸ்டுவர்ட் கோப்லண்டின் ஹை-ஹாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குழுவே இல்லை. 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டில் அண்டி சமர்ஸின் கிற்றார் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. இருந்தும் பாட்டு ஸ்டிங் ஒருவர் பெயரில்தான். குழு கலைந்து நாற்பது வருடத்துக்குப் பிறகு, 2025 இல், அந்தப் பணக்கணக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது.

நம்முடைய நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டை ஆக்கியவனுக்கு அவன் வாழும் காலமும் அதன் பின் 70 வருடமும் உரிமை. வாசித்தவனுக்கும் அதில் தனி உரிமை உண்டு, அது 50 வருடம். உன் பிள்ளைகளின் பிள்ளைகள் வரை வருகிற உரிமைக்கும் உன் முதுமையிலேயே தீர்ந்துவிடக்கூடிய உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை யோசி. இங்கே பதிப்புரிமைக்குப் பதிவுச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, பாட்டுப் பிறந்த உடனே உரிமையும் பிறக்கிறது. அதனால்தான் எழுத்து முக்கியமாகிறது. மெட்டு யாருடையது, வரி யாருடையது, தாள அமைப்பு யாருடையது, எவ்வளவு பங்கு என்று பாட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். சிநேகிதர்களுக்கிடையில் இது எதற்கு என்று யாராவது கேட்டால், சிநேகிதம் கெடாமல் இருக்கத்தான் என்று சொல்லு.

கோப்லண்டிடமிருந்து எடுக்க இன்னொன்றும் உண்டு. பொலிஸ் உச்சத்தில் இருந்த 1983 இலேயே அவர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'ரம்பிள் ஃபிஷ்' படத்துக்கு இசை அமைத்துவிட்டார். குழு நின்றபோது அடுத்த வேலை கையில் இருந்தது. நிர்வாணா குழுவின் டேவ் குரோலும் அப்படித்தான். குழுவில் இருக்கும்போதே ஒருவருக்கும் பெரிதாகச் சொல்லாமல் பாட்டு எழுதி, 1992 இல் வேறொரு பெயரில் ஒரு கசெட் விட்டார். 1994 ஏப்ரலில் கேர்ட் கோபேன் இறந்தார். அந்த ஒக்டோபரில் ட்ரம்ஸ், கிற்றார், பேஸ், குரல் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்து ஒரு வாரத்துக்குள் பதிந்ததுதான் ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் அல்பம். மறுபக்கத்தில் கிஸ் குழுவின் பீட்டர் கிறிஸ். அவர் பாடிய 'பெத்' அந்தக் குழுவின் பெரிய வெற்றிகளில் ஒன்று. 1980 இல் விலகினார், அதே வருடம் தனி அல்பம் வந்தது, எடுபடவில்லை. முகப்பூச்சும் குழுவின் பெயரும் போன பிறகு ரசிகர்கள் தேடி வருவதற்கு அவரிடம் புதிதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். நல்ல வாத்தியக்காரன், நல்ல குரல். இரண்டும் போதவில்லை.

உன் முடிவுக்குச் சாதகமான ஆள் ஒருவரும் இருக்கிறார். பில் புருஃபோர்ட். 1972 இல் யெஸ் குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' அல்பத்தைப் பதிந்து முடித்த கையோடு, அது கடைக்கு வருமுன்பே, விலகி கிங் கிரிம்சனுக்குப் போனார். வெற்றி வாசலில் நின்ற நேரம் அது. இந்தக் குழுவில் இதைவிட நன்றாக இனி என்னால் செய்ய முடியாது, மற்ற இடத்தில் நான் படிக்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. காசு குறையும் என்று தெரிந்தே போனார். பிறகு தன் பெயரில் ஒரு குழு. 1986 இல் 'எர்த்வேர்க்ஸ்' என்ற ஜாஸ் குழு. அதில் இலத்திரன் ட்ரம்ஸில் சுரங்களை ஏற்றி, தட்டும்போதே மெட்டும் சுருதிக்கூட்டும் வருகிற மாதிரி வாசித்தார். ட்ரம்ஸில் இருந்தே பாட்டைக் கட்டுகிற வழி அது. உன் ஒக்டபாட் இன்றைக்கு அதைவிட எத்தனையோ மடங்கு வல்லமை உள்ளது. கல்யாண வீட்டில் அதை நீ கைதட்டல் சத்தத்துக்கும் உடுக்கைச் சத்தத்துக்கும் மட்டும் பாவிக்கிறாய். 2009 தொடக்கத்தில் மேடையை விட்டு ஒதுங்கிய அவர், 2016 இல் சரே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வு, ட்ரம்ஸ் வாசிக்கிறவனின் படைப்பாற்றலைப் பற்றி. வயது போன பிறகு மறுபடி கம்பைக் கையில் எடுத்து ஒரு சிறு ஜாஸ் குழுவில் வாசிக்கவும் வந்தார். நீ விலகியது படிப்பதற்கு என்றால் புருஃபோர்ட்டின் வழி உனக்குத் திறந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காக என்றால் இன்னொரு தரம் யோசி.

இவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர், அவர்களுக்குச் சந்தை பெரியது என்று நீ சொல்லுவாய். சரி, நம் பக்கத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயரை உன் அம்மாவின் அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். தவில் வித்துவான், இணுவில் விஸ்வலிங்கத்தின் மகன். 1933 இல் பிறந்தவர், 1975 இல் போய்விட்டார். வாழ்ந்தது நாற்பதைத் தாண்டிச் சொற்பகாலம். அதற்குள் தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்களும் தவில்காரர்களும் அவரைத் தேடிக் கூப்பிட்டார்கள். நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையோடு சேர்ந்து அவர் வாசித்த காலத்தைப் பற்றி இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கதைப்பார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஸ்பெஷல் தவில் என்று தனிப்பெயர் போட்டுக் கூட்டம் சேர்த்த பரம்பரை அது. கவனி: நாதஸ்வரத்தை விட்டு அவர் வெளியே போகவில்லை. பக்கத்தில் நின்று வாசித்தபடிதான் கேட்கிறவனுடைய காது முழுவதையும் தன் பக்கம் எடுத்தார். கோயில் வீதியில் விடிய விடிய நின்று தவில் கேட்ட சனம் இசை தெரியாத சனம் இல்லை; அவர்களுக்குப் பல்லவியும் தெரியும், கணக்கும் தெரியும். நம் மரபில் தாளக்காரன் தனிப்பெயர் எடுக்கிற வழி எப்போதோ வகுத்தாயிற்று. ஹோட்டல் மேடைக்குப் போகுமுன் அந்த ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேள். குறிப்பாக, அவர் வாசிக்காமல் விட்ட இடங்களைக் கேள்.

சிவமணியைப் பார்த்துத்தான் நீ கம்பைத் தொட்டாய், எனக்குத் தெரியும். சென்னையில் தாள வாத்தியக்காரர் எஸ். எம். ஆனந்தனின் மகன். இளம் வயதில் ஏ. ஆர். ரகுமான், ஜோன் அன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'ரூட்ஸ்' குழுவில் இருந்தவர். 1990 இல் மும்பையில் ஜாகிர் உசேனோடும் திரிலோக் குர்த்துவோடும் ஒரே மேடையில் வாசித்தவர். தண்ணீர்க் கானையும் சூட்கேஸையும் சமையல் பாத்திரத்தையும் வாத்தியமாக்கியவர். அவருக்குத் தனி நிகழ்ச்சியே தாங்குகிறதே என்று நீ கேட்பாய். தாங்குகிறது. அதற்குப் பின்னால் சினிமா ஒலிப்பதிவுக்கூடத்தில் மற்றவர்களின் பாட்டுக்கு வாசித்த நீண்ட காலம் இருக்கிறது. எந்தப் பாட்டின் எந்த இடத்துக்கு என்ன சத்தம் வேண்டும் என்பதை அங்கே படித்தார். 'மகாலீலா' என்ற தனி அல்பம் 2008 இல்தான் வந்தது. 'அரிமா நம்பி' படத்துக்கு இசையமைப்பாளராகப் பெயர் வந்தது 2014 இல், பத்மஸ்ரீ 2019 இல். தனிப்பெயர் வந்த பிறகும் ரகுமானின் மேடையில் பின்னால் இருந்து வாசிப்பதை அவர் குறைவாக நினைத்ததில்லை. நீ மட்டும் ஏன் இனி யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை என்று சபதம் போட்டிருக்கிறாய்? அந்தச் சபதத்தை விடு.

உன்னிடம் இருக்கிற ஒரு சொத்தை நீ கணக்கில் எடுக்கவே இல்லை. அது கொட்டாஞ்சேனை. ஜூன் 13 இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தில் போகிற பாண்ட் வாத்தியம், ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேரோடு வருகிற தவில், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குகிற பைலா. இவ்வளவும் உன் காதில் சின்ன வயதிலிருந்தே விழுந்தவை. பைலாவின் ஆறு அடித் தாளம் போர்த்துக்கேயரோடும் ஆபிரிக்கரோடும் வந்து இந்தத் தீவில் ஊறிய தாளம். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன்ஸ் அதை நகரத்துப் பாட்டாக்கினார். உன் அப்பா பக்கம் மலையகம். தேயிலைத் தோட்டத்தில் விடியப்புறம் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பிய தப்பு, காமன் கூத்தில் ஆளை ஆட வைக்கிற தப்பு, அது உன் வீட்டுச் சொத்து. உன் குழுவில் எட்டு வருடமும் நீ வாசித்தது லண்டனில் வேறு யாரோ வாசித்த தாளத்தை. நன்றாக வாசித்தாய், அதில் பிழை சொல்ல இடமில்லை. ஆனால் அதை வாசிக்க லண்டனிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நைஜீரியாவின் டோனி அலனைப் பார். ஃபேலா குட்டியின் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். அஃப்ரோபீட் என்ற இசையின் முதுகெலும்பே அவருடைய தாளம். 1970களின் முடிவில் விலகினார். பிறகு பாரிஸில் இருந்துகொண்டு 2020 இல் இறக்கும் வரை எத்தனை நாட்டுக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள்! அவர் கையில் இருந்தது லாகோஸின் தாளம், அது வேறு யாரிடமும் இல்லை. கோப்லண்டும் சின்ன வயதில் பெய்ரூட்டில் வளர்ந்தவர்; அரபுத் தாளம் காதில் ஏறியிருந்ததால்தான் மற்ற ரொக் ட்ரம்மர்கள் அடிக்கிற இடத்தில் அவர் அடிக்காமல் விட்டார்.

இதை நான் சொன்ன உடனே அடுத்த கிழமை ஒரு தவில்காரரையும் ஒரு தப்புக்காரரையும் மேடையில் ஏற்றி ஃபியூஷன் என்று பெயர் வைத்துவிடாதே. தயவுசெய்து வேண்டாம். அவர்களை அலங்காரப் பொருளாகக் கொண்டுவந்து வைப்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை, உனக்கும் உதவாது. ஒருவரிடம் போய்க் கீழே இருந்து படி. தவில்காரர் வலது கை விரலில் கூடு மாட்டி, இடது கையில் கம்பு பிடித்து, இரண்டு கைக்கும் இரண்டு வேறு வேலை கொடுக்கிறாரே, அதை உன் ஸ்நேருக்கும் ஹை-ஹாட்டுக்கும் எப்படிக் கொண்டுவரலாம் என்று யோசி. ஐந்தையும் ஏழையும் வாயால் சொல்லிப் பழகு. சொல்லாத கணக்குக் கையில் நிற்காது. இரண்டு வருடத்துக்கு இதை மேடையில் காட்டாதே.

பாட்டு எந்த மொழியில் என்று கேட்டிருந்தாய். தமிழில் எழுது. குழுவில் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகிய உனக்கு முதலில் கூச்சமாக இருக்கும். இந்தச் சின்னச் சந்தையில் இருந்துதான் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் தாண்டிச் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் போனது. இரண்டும் கொழும்புத் தமிழனும் சிங்களவனும் பறங்கியனும் ஒரே கல்யாண வீட்டில் ஆடக்கூடிய பாட்டுக்கள். ரொக் தெரிந்த ஒரு பெடியன் இன்றைய வெள்ளவத்தையை, வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிய ஃபிளட்டுகளை, விசாவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளை, காலி வீதியின் இரைச்சலைத் தமிழில் பாடினால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கேட்க ஆள் இருக்கிறது. அந்தப் பாட்டு இன்னும் வரவில்லை. எனக்கு அது பெரிய ஏக்கம். நீ பாட வேண்டும் என்றில்லை, நல்ல குரல் ஒன்றைத் தேடு. ஆனால் மெட்டும் அமைப்பும் உன் தலையில் இருந்து வரட்டும். அதற்குக் கீபோர்ட் கொஞ்சமாவது பழக வேண்டும். நான்கு கோர்ட் தெரிந்தால் தொடங்கலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொலின்ஸுக்கு 2007 இல் ஜெனசிஸ் மறுபடி கூடிய பயணத்தோடு கழுத்தெலும்பில் பிரச்சினை வந்தது. 2009 இல் சத்திரசிகிச்சை. அதன் பிறகு கம்பு கையில் நிற்கவில்லை. 2010 அல்பத்துக்குக் கம்பைக் கையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு வாசித்தார். 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த கடைசிக் கச்சேரியில் கதிரையில் இருந்து பாடினார், பின்னால் ட்ரம்ஸ் வாசித்தது மகன் நிக். நீ எட்டு வருடமாகக் கூன் விழுந்து வாசிக்கிறாய், நான் பார்த்திருக்கிறேன். ஆசனத்தை உயர்த்து. காதுக்கு அடைப்பான் வாங்கு, சத்தம் போன காது திரும்பி வராது. பயிற்சிக்கு ரப்பர் பாட் போதும்; வெள்ளவத்தை ஃபிளட்டில் மேல்வீட்டு ஆச்சியையும் கீழ்வீட்டுக் கைக்குழந்தையையும் நினைத்துக்கொள்.

பிழைப்பு என்று வரும்போது கல்யாண வீட்டையும் ஹோட்டலையும் விடாதே. குழுவில் இருந்து பெரிய மேடை கண்டவனுக்கு அது இறக்கமாகத் தெரியலாம். ஆனால் ஓர் இரவில் தமிழ்ச் சினிமாப் பாட்டு, சிங்களப் பைலா, ஹிந்தி, பழைய ஆங்கிலப் பாட்டு என்று நான்கு உலகத்தை வாசிக்கிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. எந்தத் தாளத்துக்கு எந்த வயதுக்காரர் எழும்பி வருகிறார்கள் என்று பின்னால் இருந்து பார்க்கிறவன் நீ. பாட்டுக் கட்டுகிறவனுக்கு அதைவிடப் படிப்பு என்ன இருக்கிறது? கிழமையில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடு. வாடகை அதில் ஓடும், மிச்ச நாள் பாட்டுக்கு.

ஹோட்டல் மண்டபத்துக்கு முற்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதே. கட்டியிருந்தால் நாளைத் தள்ளிக் கேட்டுப் பார். முதலில் மூன்று பாட்டு. முழுதாக வேண்டாம், மெட்டும் தாளமும் போதும், போனிலேயே பதிந்து எடு. அதற்கு முன் அழித்த இலக்கங்களில் ஒன்றையாவது தேடிப் பிடித்து, உன் பேஸ்காரனோடு கதை. அவன் வராவிட்டால் எனக்குச் சொல்லு. இங்கே நன்றாக வாசிக்கிற இரண்டு பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்